அயூத்தியாவுக்கு ஒரு நாள்: டூர் வேனா, ரயிலா, தனிக் காரா?

பேங்காக் போகும் நம்மவர்களின் பயணத் திட்டத்தில் கடைசியில் ஒரு நாள் காலியாக விழும். மால்கள் பார்த்தாயிற்று, பட்டாயா போய் வந்தாயிற்று, மறுநாள் இரவுதான் விமானம். அந்த நாளை நிரப்ப ஓட்டல் வரவேற்பில் ஒரு மடிப்புத் தாளை நீட்டுவார்கள். முதல் பக்கத்தில், மரத்தின் வேர்களுக்கு நடுவே கண்மூடிச் சிரிக்கும் புத்தர் தலை. காலை ஏழுக்கு வேன் வரும், மாலை திரும்பிவிடலாம், சாப்பாடு உண்டு, வழிகாட்டி உண்டு. சரி என்று பணத்தைக் கட்டிவிடுவோம்.

முதல் தடவை நானும் அப்படித்தான் கட்டினேன். இரண்டாம் தடவை தனியாக ரயிலில் போனேன். மூன்றாம் தடவை அம்மா அப்பாவோடு கார் எடுத்துக்கொண்டு போனேன். ஒரே ஊருக்குத்தான் மூன்று தடவையும் போனேன், ஆனால் பார்த்தது ஒரே ஊர் இல்லை.

எப்படிப் போவது என்று முடிவு செய்ய, அந்த ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். அயூத்தியா பேங்காக்குக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது. சாவோ பிரயா, பா சாக், லோப்புரி என்ற மூன்று ஆறுகள் கூடும் இடம். சுற்றிலும் தண்ணீர், நடுவில் தீவு மாதிரி பழைய நகரம். 1350 வாக்கில் ஊ தோங் என்ற மன்னர் அமைத்தது. முடிசூடியபோது அவர் வைத்துக்கொண்ட பெயர் ராமாதிபதி, ஊருக்கு வைத்தது நம் அயோத்தியின் பெயர். நானூறு ஆண்டுகளுக்கு மேல் சயாமின், அதாவது பழைய தாய்லாந்தின், தலைநகராக இருந்தது. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஜப்பானியர் என்று வியாபாரத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆற்றங்கரையில் தனித்தனிக் குடியிருப்பு. 1767இல் பர்மியப் படை ஊரைப் பிடித்துக் கொளுத்திவிட்டது. தலைநகரம் ஆற்றோடு தெற்கே இறங்கி, கடைசியில் பேங்காக்கில் போய் நின்றது. மிஞ்சிய இடிபாடுகளை 1991இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இடிபாடுகள் ஒரே வளாகத்துக்குள் இல்லை என்பதுதான் இங்கே முக்கியம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மார்க்கெட், பைக் ஒர்க்‌ஷாப் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஊருக்கு நடுவே ஒரு கோபுரம், அரை கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறொன்று. மாமல்லபுரம் மாதிரி இறங்கி நடந்தே முடித்துவிடலாம் என்று போனால் வெயிலில் மாட்டிக்கொள்வோம். ஆக நமக்குத் தேவை மூன்று: பேங்காக்கிலிருந்து போய்வர ஒரு வழி, ஊருக்குள் சுற்ற ஒரு வண்டி, பார்ப்பது என்னவென்று சொல்ல ஒரு ஆள். டூர்க்காரர்கள் மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள். தனித்தனியாகவும் வாங்கலாம் என்பது எனக்கே இரண்டாம் தடவைதான் உறைத்தது.

முதலில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்போம். என்னை ஓட்டலில் ஏற்றியபோது மணி ஆறு ஐம்பது. ஐந்து ஓட்டல் சுற்றி, கடைசி ஜோடி தலை சீவிக்கொண்டே வந்து ஏறியபோது எட்டேகால். முதல் நிறுத்தம் பாங் பா இன் கோடைக்கால அரண்மனை. அழகான இடம்தான், குளத்துக்கு நடுவே தாய்லாந்துப் பாணியில் ஒரு மண்டபம், கொஞ்சம் தள்ளிச் சீன பாணியில் ஒரு மாளிகை. ஆனால் அயூத்தியாவைப் பார்க்க வந்தவனுக்கு அங்கே ஒரு மணி நேரம் போனது. அரைக்கால் சட்டையோடு வந்த ஒருவர் வாசலில் துணி வாங்கிக் கட்டிக்கொண்டு வரும்வரை இன்னும் பத்து நிமிடம். பிறகு வாட் மகாதாட்டில் (வாட் என்றால் கோயில்) முப்பத்தைந்து நிமிடம், வாட் பிரா சி சன்பெட்டில் அரை மணி, பஃபே சாப்பாட்டுக்கு ஒரு மணி, படுத்திருக்கும் புத்தருக்குப் பதினைந்து நிமிடம், யாரும் கேட்காத ஒரு கைவினைப் பொருள் கடையில் நாற்பது நிமிடம். அறைக்குத் திரும்பியபோது மணி ஐந்தரை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பத்தரை மணி நேரப் பயணத்தில் இடிபாடுகளுக்கு நடுவே நான் நின்றது ஒன்றரை மணி நேரம்கூட இல்லை.

அதற்காக வழிகாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா. உடைந்த ஆங்கிலம், ஆனால் விஷயம் தெரிந்தவர். மகாதாட் வாசலிலேயே எங்களை நிறுத்தி, “சோளக்கதிர் மாதிரி நின்றால் பிராங். மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தால் சேடி” என்றார். முன்னது கம்போடியாவின் அங்கோர் பக்கமிருந்து வந்த கெமர் பாணி, பின்னது இலங்கை ஸ்தூபியின் சாயல். சைத்தியம் என்ற சொல்தான் அங்கே சேடியாகியிருக்கிறது. இந்த ஒரு வரி தெரிந்த பிறகு வெறும் செங்கல் குவியலாகத் தெரிந்த ஊர் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது.

சி சன்பெட்டில் மூன்று பெரிய சேடிகள் வரிசையாக நிற்கும், எல்லோரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். மூன்றிலும் மன்னர்களின் அஸ்தி. அந்த அம்மா எங்களை அதற்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த செங்கல் மேடைக்கு அழைத்துப் போனார். அங்கேதான் தங்கத் தகடு போர்த்திய 16 மீட்டர் உயரப் புத்தர் நின்றாராம். தங்கத்துக்காகப் பர்மியர்கள் தீ மூட்டி உருக்கிவிட்டார்கள். அவர் கையை உயர்த்தி, “அவ்வளவு உயரம்” என்று வானத்தைக் காட்டினார். நாங்கள் பன்னிரண்டு பேரும் ஒன்றுமில்லாத இடத்தை அண்ணாந்து பார்த்தோம். வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான். கண் முன்னால் இருப்பதைப் பலகையில் படித்துக்கொள்ளலாம், இல்லாததைக் காட்ட ஒரு மனிதர் வேண்டும்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தலையில்லாத புத்தர் சிலைகள் வரிசை வரிசையாக இருக்கும். எல்லாம் பர்மியர்கள் வெட்டியது என்றார். அது பாதிக் கதை. அதற்குப் பிறகு வந்த திருடர்களும் கலைப்பொருள் வியாபாரமும் கொண்டுபோன தலைகளும் அதில் சேர்த்தி. குழு டூரில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, அடுத்த வேன் பின்னாலேயே வந்துவிடும்.

இதே டூரில் இன்னொரு வகை உண்டு: போகும்போது பஸ், திரும்பும்போது ஆற்றில் சொகுசுப் படகு. ஆறு பிடிக்கும், குளிர்ச்சியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் போகலாம். இடிபாடுகளுக்கு இருக்கும் நேரம் இன்னும் குறையும், அவ்வளவுதான்.

இனி ரயில். பேங்காக்கில் இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் தொலைதூர ரயில்கள் பாங் சூ பகுதியில் கட்டிய குருங் தேப் அபிவாட் நிலையத்துக்கு மாறிவிட்டன, சாதாரண வண்டிகள் மட்டும் பழைய ஹுவா லம்போங்கிலிருந்து கிளம்புகின்றன. இரண்டுக்கும் மெட்ரோ இருக்கிறது, ஆனால் எந்த வண்டி எங்கே என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். டான் முவாங் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கியிருந்தால் இரண்டு இடத்துக்கும் போக வேண்டாம், அங்கேயே நிலையம் இருக்கிறது. நான் போனது மூன்றாம் வகுப்பில், சீட்டு 20 பாட். ஏசி இல்லை, மேலே மின்விசிறி, திறந்த ஜன்னல், நெல் வயல். கூடையில் சோற்றுப் பொட்டலமும் பொரித்த கோழியும் சுமந்து பெட்டி பெட்டியாக நடக்கும் பெண்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம். வண்டி தாமதமாகலாம், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். மோ சிட் பஸ் நிலையத்திலிருந்து மினி வேனும் போகிறது. அது இன்னும் வேகம், ஆனால் முட்டி இடிக்கும், ஜன்னலில் பார்க்க நெடுஞ்சாலை மட்டும்தான்.

அயூத்தியா நிலையம் தீவுக்கு வெளியே, பா சாக் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. வெளியே வந்ததும் டுக்-டுக்காரர்கள், அந்த ஊர் ஆட்டோக்காரர்கள், கோயில் படங்களை லேமினேட் செய்த அட்டையோடு சூழ்ந்துகொள்வார்கள். இந்த ஊர் டுக்-டுக்குக்கு முன்பக்கம் தவளை மூஞ்சி மாதிரி உருண்டிருக்கும், பேங்காக்கில் பார்ப்பது போல இருக்காது. அவர்களைத் தாண்டி எதிர்ச் சந்தில் நேரே நடந்தால் படகுத்துறை. சில பாட் கொடுத்தால் அக்கரை. சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், நாள் முழுக்க 50 பாட் கொடுத்தேன்.

அன்று நான் முதலில் போனது வாட் ராட்சபுரானா. மகாதாட்டுக்கு நேர் எதிரே, ஒரே ஒரு சாலைதான் குறுக்கே. இருந்தும் முதல் பயணத்தில் எங்கள் வேன் அதைத் தாண்டிப் போய்விட்டது. 1424இல் கட்டியது. அப்பா இறந்ததும் இரண்டு அண்ணன்மார் ஆளுக்கொரு யானையில் ஏறி ஆட்சிக்காக மோதிக்கொள்கிறார்கள், இருவரும் சாகிறார்கள், தம்பி அரசனாகிறான். அண்ணன்களை எரித்த இடத்தில் அவன் எழுப்பிய கோயில் இது. 1957இல் திருடர்கள் பிராங்குக்கு அடியில் இருந்த நிலவறையை உடைத்துத் தங்கத்தை அள்ளினார்கள். பிறகு அரசு தோண்டி எடுத்த மிச்சத்தை வைக்கவே 1961இல் ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். பெயர் சாவோ சாம் பிரயா, அந்தத் தம்பியின் பெயர்தான்.

அந்த நிலவறைக்கு நாமும் இறங்கலாம். பிராங்கின் வயிற்றுவரை படியேறி, அங்கிருந்து குறுகலான படியில் கீழே போக வேண்டும். படி ஒவ்வொன்றும் என் முழங்கால் உயரம். ஈரமான சூடு முகத்தில் அடித்தது, வௌவால் எச்ச வாடை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்கினேன். கீழே ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு அறை, சுவரில் மங்கிப்போன செந்நிற ஓவியங்கள். நான் மட்டும் இருந்தேன். பத்து நிமிடம் நின்றேன், யாரும் கூப்பிடவில்லை. இது டூர் வேனில் நடக்காது.

ஆனால் ரயில் பயணம் முழுக்க இப்படி இனிமையாக இருந்தது என்று சொன்னால் பொய். பதினொரு மணிக்கு மேல் சைக்கிள் தண்டனையாகிவிட்டது. தண்ணீர் இரண்டு லிட்டர் தீர்ந்தது. ஆற்றுக்கு அப்பால் மேற்கே இருக்கும் வாட் சாய்வத்தனாராமுக்குப் போகத் தெம்பில்லாமல் திரும்பிவிட்டேன். அது மட்டுமில்லை, பல இடங்களில் பலகையில் இரண்டு வரிதான். முதல் பயணத்தில் அந்த அம்மா பிராங், சேடி பாடம் எடுத்திருக்காவிட்டால் மூன்றாவது கோயிலிலேயே அலுத்திருப்பேன். மாதமும் முக்கியம்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் சைக்கிள் சரி, மார்ச், ஏப்ரலில் அந்தப் பேச்சே வேண்டாம். டுக்-டுக்கை மணிக்கணக்கில் பேசிக்கொள்ளுங்கள், மணிக்கு இருநூறு, முந்நூறு பாட் கேட்பார்கள். ஏறும் முன்பே எந்தெந்தக் கோயில், எத்தனை மணி நேரம் என்று படத்தைக் காட்டி முடித்துவிட வேண்டும்.

அப்புறம் கார். அம்மாவுக்கு முட்டி வலி, அப்பாவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழிப்பறை. வேனும் சரிவராது, ரயிலும் சரிவராது. டிரைவரோடு ஒரு காரையும், பாதி நாளுக்கு உரிமம் உள்ள வழிகாட்டி ஒருவரையும் தனித்தனியாக ஏற்பாடு செய்தேன். பலர் ஏமாறும் இடம் இது. டிரைவர் வழிகாட்டி இல்லை, வாசலில் இறக்கிவிட்டு நிழலில் உட்கார்ந்துகொள்வார். தாய்லாந்தில் சுற்றுலா வழிகாட்டி வேலை சட்டப்படி அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே. கழுத்தில் உரிம அட்டை தொங்க வேண்டும். நம்மூரிலிருந்து குழுவோடு டூர் மேனேஜர் வந்தாலும், கோயிலுக்குள் விளக்கம் சொல்ல வேண்டியவர் உள்ளூர் ஆள்தான். அதனால் தமிழில் எல்லாம் சொல்வார்கள் என்ற விளம்பரத்தைப் பார்த்தால், சொல்லப்போவது யார் என்று கேளுங்கள்.

காரின் பெரிய லாபம் வரிசையை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்பது. பாங் பா இன்னை வெட்டினோம். காலையில் வாட் யாய் சாய் மோங்கோன், காவித் துண்டு போர்த்திய புத்தர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெரிய சேடி. பிறகு மகாதாட். அம்மா வேருக்குள் இருக்கும் அந்தத் தலைக்கு முன்னால் போட்டோவுக்கு நின்றார். காவலர் விசில் ஊதி, கையால் கீழே என்று காட்டினார். நம் தலை புத்தர் தலையைவிட உயர்ந்து நிற்கக் கூடாது என்பது அங்கே விதி. முட்டி மடங்காத அம்மா என்ன செய்வார்? அந்தப் பையனே ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் எடுத்து வந்து போட்டான். அம்மா உட்கார்ந்து கைகூப்பிக்கொண்டார், அந்தப் படம் இப்போது வீட்டு ஹாலில் இருக்கிறது.

மத்தியானம் இரண்டு மணி நேரம் ஏசியில் உட்கார்ந்துவிட்டு, சாய்வத்தனாராமுக்கு நாலரைக்குப் போனோம். 1630இல் பிரசாத் தோங் மன்னர் தன் தாயின் நினைவாகக் கட்டியது. நடுப் பிராங் 35 மீட்டர், சுற்றிலும் சிறிய கோபுரங்கள், அசப்பில் அங்கோர். வெயில் சாயும்போது செங்கல் முழுக்கச் சிவந்துவிடும். பழைய காலத்துத் தாய்லாந்துப் பட்டு உடையை வாடகைக்கு உடுத்திக்கொண்டு உள்ளூர்ப் பெண்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டூர் வேன்களெல்லாம் அந்நேரம் பேங்காக் நெரிசலில் நின்றுகொண்டிருந்திருக்கும்.

நடுவில் அப்பா ஒரு கேள்வி கேட்டார், அயோத்தி, ராமன் எல்லாம் வடக்கு, இங்கே நம் பக்கத்து ஆள் யாரும் வரவில்லையா என்று. வழிகாட்டி சிரித்து மழுப்பினார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் நம் மார்கழியை ஒட்டி பேங்காக்கில் இன்றும் திருவெம்பாவையை ஓதுகிறார்கள், உச்சரிப்பு நமக்குப் புரியாத அளவுக்கு மாறிப்போனாலும். அந்தச் சடங்கு அயூத்தியா அரசவை வழியாக வந்ததுதான். அப்பா அதன் பிறகு ஒவ்வொரு கல்லையும் உறவுக்காரர் வீட்டுக் கல் மாதிரிப் பார்த்தார்.

இனி பணம். தனியாகப் போகிறவருக்கு ரயிலை எதுவும் அடிக்க முடியாது. ரயில், படகு, சைக்கிள், நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்தும் குழு டூரில் பாதிகூட எனக்கு ஆகவில்லை. நுழைவுச் சீட்டு நான் போனபோது கோயிலுக்கு 50 பாட், ஆறு கோயிலுக்குச் சேர்த்து வாங்கினால் 220. இரண்டு பேர் என்றால் ரயிலில் போய், அங்கே டுக்-டுக் பேசிக்கொள்வதுதான் என் தேர்வு. கார் ஒருவருக்கோ இருவருக்கோ கட்டுப்படியாகாது. நான்கு பேர் சேர்ந்துவிட்டால் தலைக்கு விழுவது குழு டூரின் விலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், அப்போது வேனில் ஏறுவதற்குக் காரணமே இல்லை. முதல் வெளிநாட்டுப் பயணம், தனியாகப் போகும் பெண், மொழிப் பயம், மறுநாள் விமானம் என்று பதற்றம் இருப்பவர்களுக்கு டூர் வேன் நல்லதுதான், நேரத்துக்கு அறையில் விடுவது அவர்கள் பொறுப்பு. ஆனால் எதைச் செய்தாலும் முதல் இரண்டு மணி நேரத்துக்கு விளக்கம் சொல்ல ஒருவர் வேண்டும் என்பது என் கட்சி. மகாதாட், சி சன்பெட் இரண்டுக்கும் போதும். அதற்குப் பிறகு ஆளை அனுப்பிவிட்டு நாமே சுற்றலாம்.

யானைச் சவாரி சேர்த்து விற்றால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். தார் ரோட்டில் வெயிலில் நடக்கும் யானையின் மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பஃபேயில் காய்கறி என்று எழுதியிருந்தாலும் மீன் சாறு கலந்திருக்கும். “ஜே” என்று கேளுங்கள், மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும் கடைகளில் முட்டைகூடக் கிடையாது. நாங்கள் பேங்காக்கிலிருந்தே தயிர் சாதம் கட்டிக்கொண்டு போனோம். மத்தியானப் பசிக்கு ரொட்டி சாய் மாய் கிடைக்கும், இந்த ஊரின் பெயர்போன தின்பண்டம். மெல்லிய ரொட்டிக்குள் பஞ்சுமிட்டாயைவிடக் கரடான சர்க்கரை நூலைச் சுருட்டித் தின்ன வேண்டும். ரொட்டி தனியாக, நூல் தனியாகப் பையில் போட்டுத் தருவார்கள். நூல் பையை இறுக்கிக் கட்டி வாங்குங்கள், காற்றுப் பட்டால் அரை மணியில் கட்டிதட்டிவிடும்.

டூர்தான் என்று முடிவு செய்துவிட்டால் பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்: எந்தெந்தக் கோயில், ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம், கடை நிறுத்தம் உண்டா, நுழைவுச் சீட்டு இதில் அடக்கமா. ஓட்டல் மேசையில் இருப்பவருக்கு இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாது, போன் போட்டுக் கேட்பார். கேட்கட்டும், அதுவரை அங்கேயே நில்லுங்கள்.